அம்மான் எழுதிய கணக்கு

சென்ற மாதம் ஒருநாள் மாலை என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். நற்சான்றுப் பத்திரம் ஒன்று வேண்டுமென்றான். போலந்து தேசத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறதாம். முகவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்திற் பாதியை அவனுடைய அம்மான் கொடுத்துவிட்டார்; மீதிக்காகத் தாயாரின் சங்கிலி அடைவுக்குப் போயிருக்கிறது. பத்திரத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவன் படலையைச் சாத்திக்கொண்டு போன பின்னரும் போலந்து என்ற சொல் என் மனத்தை விட்டகலவில்லை. எங்கள் பிள்ளைகள் இன்று வேலை தேடிப் போகும் அந்த நாட்டிலிருந்து, 150 ஆண்டுகளுக்கு முன், இவனைப் போலவே ஓர் அம்மானின் பணத்தை நம்பிப் பிறதேசம் புறப்பட்ட பையன் ஒருவனின் சரித்திரம் நினைவுக்கு வந்தது. ஆங்கில இலக்கியம் பயின்றோர் அவனை யோசேப் கொன்ராட் என்ற பெயரால் அறிவர். கடற்கதைகளின் ஆசிரியர் என்று அவரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். யான் இங்கே சொல்லப் புகுவது பெரும்பாலும் அவர் கப்பலேறுவதற்கு முற்பட்ட கதை.

கொன்ராட் பிறந்த காலத்திற் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ருஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா என்னும் அயல் வல்லரசுகள் அதனைத் துண்டுதுண்டாகப் பங்கிட்டு விழுங்கிவிட்டன. மொழி இருந்தது, மக்கள் இருந்தனர், பாட்டிருந்தது, அரசுதான் இல்லை. ருஷ்யர் பங்கில் அகப்பட்டிருந்த பெர்டிச்சிவ் என்னும் ஊரிலே, அது இன்று உக்ரேனைச் சேர்ந்தது, 1857ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி அவன் பிறந்தான். தந்தை அப்பலோ கொர்செனியோவ்ஸ்கி கவிஞர். சேக்ஸ்பியரையும் விக்டர் ஹியூகோவையும் தம் மொழியிற் பெயர்த்தவர். அதனோடு அமையாது ருஷ்ய ஆட்சிக்கெதிரான இரகசியக் குழுக்களிற் சேர்ந்தவர். தாய் ஏவா, பொப்ரோவ்ஸ்கி என்னும் நிலப்பிரபுக் குடும்பத்துப் பெண். போலந்தின் மகாகவி மிக்கியேவிச் படைத்த வீரனொருவனின் பெயராகிய கொன்ராட் என்பதனையும் பிள்ளைக்கு வைத்தனர். கவிஞர்கள் பெயரிடும்போது பிள்ளையின் எதிர்காலத்துக்கு ஒரு சுமையையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள்.

1861இல் அப்பலோ வார்சோ நகரிலே கைதுசெய்யப்பட்டார். மறு ஆண்டு மே மாதம் ருஷ்யாவின் வடபாகத்திலுள்ள வோலொக்டா என்ற குளிர்நிலத்துக்கு அவரை நாடு கடத்தினர். மனைவியும் நான்கு வயதுப் பிள்ளையும் உடன் சென்றனர். 1863இல் சற்றே தெற்கிலுள்ள செர்னிஹிவ் நகருக்கு மாற்றப்பட்டனர். இதற்குள் ஏவாவைக் காசநோய் பற்றிக்கொண்டது. அவ்வாண்டுக் கோடையில் தமையன் வீட்டுக்குச் சென்றுவர அவளுக்கு மூன்று மாத அனுமதி கிடைத்தது. தவணை முடிந்ததும், நோய் கடுமையாயிருந்தும், பொலிசார் அவளைத் திரும்பிப்போகுமாறு வற்புறுத்தினர். வாசலிலே வண்டி நின்றதும், உறவினர் எல்லாரும் படியிற் கூடி நின்றதும், ஒருவரும் வாய் திறவாதிருந்ததும் அந்தச் சிறுவனின் நினைவில் முதுமை வரைக்கும் அழியாதிருந்தன. அந்த மூன்று மாதத்திலே அவ்வீட்டிலிருந்த ஒரு பிரெஞ்சு ஆசிரியை அவனுக்குத் தன் மொழியை விளையாட்டாகப் பேசப் பழக்கியிருந்தாள். வண்டி புறப்படும் வேளையில் எல்லாரும் திகைத்து நிற்க, அவள் மட்டும் அந்தப் பிரெஞ்சை மறந்துவிடாதே என்று விம்மலுக்கிடையே அவனுக்குச் சொன்னாள். அவன் மறக்கவில்லை. பதினொரு ஆண்டு கழித்து அவனைப் பிரான்சிலே காப்பாற்றிய கருவி அதுவே. பிறதேசம் செல்வதற்கான ஆயத்தம் எங்கே, எவரால், எப்போது தொடங்குகிறதென்று யாராற் சொல்ல முடியும்?

1865 ஏப்ரிலில் தாய் இறந்தாள். பையனுக்கு வயது ஏழு. அதன் பின் செர்னிஹிவ் வீட்டில் துக்கத்தில் மூழ்கிய தகப்பனும் விளையாட்டுத் தோழர் எவருமில்லாத மகனுமாக இருவர். செய்வதற்கு வேறொன்றுமின்மையால் அவன் வாசித்தான். ஹியூகோவின் கடல் நாவலொன்றை அப்பலோ மொழிபெயர்த்திருந்தார். அதன் அச்சுப்படியை மகன் உரக்க வாசிக்கத் தந்தை கேட்டிருந்தார். கடலையே கண்டறியாத ஒரு பிள்ளைக்குக் கடல் வந்து சேர்ந்த வழி இதுதான். பின்னர், வடதுருவப் பனியிற் காணாமற்போன பிராங்கிளின் என்னும் மாலுமியைத் தேடிச் சென்ற மக்கிளின்டொக்கின் பயண நூல் அவன் கைக்கு வந்தது. பூமிசாத்திரத்தைத் தவிர வேறெந்தப் பாடத்திலும் அவன் சிறக்கவில்லை. ஆபிரிக்காவின் படத்தில் நடுவே வெறுமையாய்க் கிடந்த இடத்தில் விரலை வைத்து, வளர்ந்ததும் அங்கே போவேன் என்று சொன்னானாம். கேட்டவர்கள் சிரித்திருப்பர். நாங்களும் வகுப்பிலே இத்தகைய பிள்ளைகளைக் கண்டு சிரிப்பதுண்டு.

நோயுற்ற அப்பலோவுக்கு ருஷ்யாவை விட்டு வெளியேற அனுமதி கிடைத்தது. 1868இல் ஒஸ்திரியர் பங்கிலிருந்த லுவோவ் நகருக்கும் பின்னர் கிராக்கோவுக்கும் வந்தார். 1869 மே 23இல் இறந்தார். தேசபக்தர் ஒருவரின் மரண ஊர்வலமாதலால் கிராக்கோ நகரமே திரண்டு வந்தது. பெருந்திரளின் முன்னால், பேழைக்குப் பின்னே, பதினொரு வயதுப் பையன் தனியாக நடந்தான்.

இனித்தான் அம்மான் வருகிறார்.

ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி ஏவாவின் தமையன். சட்டம் படித்தவர், உக்ரேனிலே கசிமியெரூவ்கா என்னும் தம் பண்ணையைச் சீராக நடத்தியவர். மனைவியை இழந்தவர், ஒரே மகளையும் இளவயதிற் பறிகொடுத்தவர். அவருடைய தம்பி ஸ்டெபான் 1863ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின் தலைவருள் ஒருவராயிருந்து, அவ்வாண்டிலேயே ஒரு துவந்த யுத்தத்தில் மாண்டார். தங்கையும் மைத்துனரும் தம்பியும் தேசத்துக்காக எரிந்து சாம்பலானதைப் பார்த்திருந்த இம்மனிதர் உணர்ச்சிப் பெருக்கை அஞ்சினார்; கணக்கை நம்பினார். எஞ்சிய பாசமெல்லாம் மருமகன்மேல் விழுந்தது. ஆயினும் அந்தப் பாசம் கட்டியணைக்கும் பாசமன்று, கணக்கெழுதும் பாசம். அம்மம்மா தியோபிலா கிராக்கோவில் இருந்து பையனைப் பார்த்துக்கொள்ள, அம்மான் தூரத்திலிருந்து பணமும் கடிதமும் அனுப்பினார்.

மருமகனுக்காகச் செலவிட்ட ஒவ்வொரு தொகையையும் அவர் ஓர் ஏட்டிற் குறித்து வந்தார். ஆசிரியர் சம்பளம், வைத்தியர் கூலி, உடுப்பு, பயணம் எல்லாம் அதில் உண்டு. மருமகன் வளர்ந்தபின் படித்தறியும்பொருட்டு எழுதப்படுகிறதென்பதையும் அந்த ஏட்டிலேயே குறித்திருந்தார். இடையிடையே தாய்வழிக் குடும்பத்தின் வரலாறு. தந்தைவழிக் குடும்பத்தின் ஊதாரித்தனத்தைப் பற்றிச் சில கசப்பான வரிகள். ஒரு மனிதனை உருவாக்க என்ன செலவாயிற்று என்பதனைக் கடைசியிற் கூட்டிப் பார்த்தபோது 17,000 ரூபிளுக்கு மேல் வந்தது. இதனைக் கஞ்சத்தனம் என்று சில ஆங்கில விமரிசகர்கள் எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மானும் ஒரு கணக்குக் கொப்பி வைத்திருந்தார். பண்டித வகுப்புக்கு யான் போய்வந்த பஸ் கட்டணம் முதற்கொண்டு அதிலே இருந்தது. அவர் காலஞ்சென்றபின் அதனை எடுத்துப் பார்த்தேன். வரவுப் பக்கம் முழுவதும் வெறுமையாயிருந்தது. கணக்கெழுதுவோர் எல்லாரும் திருப்பிக் கேட்பதற்காக எழுதுவதில்லை.

1871 இலையுதிர் காலத்தில், பதின்மூன்று வயதுப் பையன் தான் கப்பலில் வேலைசெய்யப் போவதாக அறிவித்தான். குடும்பம் திடுக்கிட்டது. போலந்துக் கனவான் குடும்பங்களிற் படைவீரர் உண்டு, கவிஞர் உண்டு, நாடு கடத்தப்பட்டவர் தாராளமாக உண்டு, மாலுமி கிடையாது. கடலே அவர்களுக்கு அந்நியம். எங்கள் ஊரிலே ஒரு பையன் பனிமலையிற் கம்பளி மேய்க்கும் இடையனாகப் போகிறேன் என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி. முதலிற் சிரித்தார்கள், பின்பு கண்டித்தார்கள், அதன் பின் யோசிக்கத் தொடங்கினார்கள்.

யோசிப்பதற்குத் தக்க காரணமும் இருந்தது. பையன் ருஷ்யப் பிரசை. அதிலும் அரசாங்கத்தாற் தண்டிக்கப்பட்டவரின் மகன். ருஷ்ய மண்ணுக்குத் திரும்பினால் நெடுங்காலப் படைச்சேவைக்கு இழுக்கப்படும் அபாயம் இருந்தது. தகப்பனைக் கொன்ற அரசின் சீருடையை மகன் அணிவதா? 1872இல் அம்மான் அவனை ஒஸ்திரியப் பிரசையாக்க முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. ருஷ்யப் பிரசைத் தொடர்பிலிருந்து விடுவிக்கப்படாத ஒருவனை ஒஸ்திரியா ஏற்க மறுத்தது. இருந்த இடமும் நிலையில்லை, திரும்ப இடமும் இல்லை என்ற நிலை. எங்காவது போகத்தான் வேண்டும். கடலுக்குப் போவேன் என்ற பிள்ளைக்கனவும், எங்கே அனுப்புவது என்ற அம்மானின் கவலையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. பையனின் பிடிவாதத்தையே சரித்திரகாரர் பெரிதும் பேசுகின்றனர். அந்தப் பத்திரம் மட்டும் கிடைத்திருந்தால் அவன் கிராக்கோவில் ஓர் உத்தியோகத்தனாய் வாழ்ந்து முடிந்திருக்கவும் கூடும் என்பது என் எண்ணம்.

உடல்நிலையும் ஒரு பிரச்சினை. அவன் சிறுவயது முதலே நோயாளி. நரம்புத் தளர்ச்சியால் அடிக்கடி படுத்துவிடுவான். ஒழுங்காகப் பாடசாலைக்குச் சென்றதாகவே தெரியவில்லை. வீட்டில் ஆசிரியர் வைத்துப் படிப்பித்தனர். நல்ல காற்றும் உடலுழைப்பும் அவனை உறுதிப்படுத்தும் என வைத்தியர்கள் கருதினர். அம்மானின் கணக்கு மூளை இதனையும் ஏட்டில் ஏற்றியது. படிப்பில் நாட்டமில்லாதவனுக்குத் தொழில் வேண்டும். மாலுமித் தொழிலோடு வியாபாரமும் பழகினால் பிழைத்துக்கொள்வான். வெறும் மாலுமியாக அவனை நினைத்துப்பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. மாலுமியும் வணிகனுமாக நினைத்து ஒருவாறு ஆறுதலடைந்தார்.

ஆயினும் கடைசி முயற்சியொன்றைச் செய்துபார்க்காமல் விடவில்லை. 1873இல், வைத்தியர் ஆலோசனைப்படி, பையனைச் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர் அவனுடைய ஆசிரியர் அடம் புல்மன்; கிராக்கோவில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த வாலிபர். மலைக்காற்று உடம்புக்கு, ஆசிரியரின் உபதேசம் மனத்துக்கு. கடற்பைத்தியத்தை எப்படியாவது தெளிவித்துக் கூட்டிவரவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட இரகசியக் கட்டளை. புகையிரதத்திலும் ஏரிப்படகிலும் மலைப்பாதையிலும் அவர் வாதித்துக்கொண்டே வந்தார். அவர் சொன்ன நியாயங்கள் எல்லாம் சரியானவை என்பதைப் பையனும் உணர்ந்தான். மறுமொழி சொல்ல அவனிடம் ஒன்றுமிருக்கவில்லை. மனம் மட்டும் மாறவில்லை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: எதிர்த்து வாதாடுகிற மாணவனை வெல்லலாம், ஒத்துக்கொண்டு பேசாதிருப்பவனை ஒன்றும் செய்யவியலாது.

பூர்க்கா என்னும் உயர்ந்த கணவாயின் உச்சியில் இருவரும் வழியோரத்தில் இளைப்பாறினர். வாதம் நடந்துகொண்டிருந்தது. அப்போது ஓர் ஆங்கிலேயர் வெறுங்கால்கள் தெரிய முழங்காலளவுக் காற்சட்டை அணிந்து, பனிக்குளிரைப் பொருட்படுத்தாது, மலர்ந்த முகத்தோடு அவ்வழியே விரைந்து நடந்து போனார். போகிறபோது களைத்துக் கிடந்த இந்த இருவரையும் நட்போடு பார்த்துச் சென்றார். அவ்வளவே. அந்த முகத்தின் ஊக்கம் எப்படியோ பையனுடைய உள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆசிரியர் தொடர்ந்து பேசினார், சற்றுநேரத்திற் சலித்தார், எழுந்து பையைத் தோளிற் போட்டுக்கொண்டார். நீ திருந்தமாட்டாய் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அன்று தொட்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெயரும் தெரியாத அந்த வழிப்போக்கரைக் கொன்ராட் நாற்பதாண்டுக்குக் கிட்டிய காலத்தின் பின் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதிவைத்தார். புல்மனையும் அவர் மறக்கவில்லை. அப்பயணத்தில் இத்தாலிக்கும் இறங்கினார்கள். வெனிசு நகரத்தருகே லீடோ என்ற கடற்கரையில் நின்று அவன் கடலை முதன்முதலாகக் கண்ணாற் கண்டான். கடலுக்குப் போவேன் என்று சொல்லி இரண்டாண்டான பின்னர்தான் இது நடந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

அவ்வாண்டிலேயே அம்மான் அவனை லுவோவ் நகருக்கு அனுப்பினார். இன்று அந்நகரத்தை லிவிவ் என்பர். 1863 கிளர்ச்சியில் அநாதைகளான பையன்களுக்கு அங்கே உறவினர் ஒருவர் சிறிய விடுதி நடத்திவந்தார். அவ்விடுதியிற் பிள்ளைகள் தமக்குள் பிரெஞ்சிலே பேசுவது வழக்கம். சிறுவயதில் ஆசிரியையிடம் பிடித்த மொழி இங்கே துலங்கியது. உச்சரிப்புக்கூடப் பிழையின்றி அமைந்தது. இலத்தீனும் ஜெர்மனும் கொஞ்சம். போலிஷ் இலக்கியம் தாராளம். ஆங்கிலம் ஒரு சொல்லும் இல்லை! ஆங்கில இலக்கிய வரலாற்றில் இடம்பெறப் போகிறவனின் மூட்டையில் அம்மொழி மட்டும் வைக்கப்படவில்லை.

பிரான்சின் தெற்கே, மார்சேய் துறைமுகத்துக்கு அணித்தாக, விக்டர் கொட்ஸ்கோ என்னும் போலந்துக்காரர் ஒருவர் இருந்தார். அவரும் கப்பற்றொழில் செய்தவர். அவருக்குக் கடிதம் போயிற்று. அவர் தம் நண்பர் சொலாரி என்பவரைப் பிடித்து, பையன் வந்திறங்கினால் நல்ல கப்பலொன்றிற் சேர்த்துவிட ஏற்பாடு செய்தார். முன்னே போன ஒருவர் பின்னே வருபவனுக்குக் கைகொடுப்பது. அவருக்கும் அங்கே ஒரு தெரிந்தவர் இருப்பது. வெளிநாடு போவோர் அனைவரும் இந்தச் சங்கிலியின் கண்ணிகளைப் பிடித்துத்தான் போகின்றனர். அம்மான் மாதம் 150 பிராங்கு அனுப்புவதாக ஒழுங்கு செய்தார். ஆடம்பரம் செய்யப் போதாது, பசிகிடக்கத் தேவையில்லை. அவருடைய தராசு அப்படித்தான் நிறுக்கும்.

1874 செப்டெம்பரில் லுவோவிலிருந்து அவனை அழைத்துக்கொண்டு கிராக்கோவுக்கு வந்தார். ஒக்டோபர் 13ஆம் திகதி பையன் புகையிரதம் ஏறினான். வயது பதினாறு, பாடசாலைப் படிப்பு முற்றுப்பெறவில்லை. நான்கு வயதிற் பொலிசாராற் கொண்டுசெல்லப்பட்டு வடக்கே போனவன் இப்போது தன் விருப்பத்தோடு தெற்கே போனான்.

வழியனுப்பிய அம்மானின் ஏட்டில் அன்று என்ன மனநிலை என்று எழுத ஒரு பத்தியும் இருந்திருக்காது. அவருடைய கடிதங்கள் பல நமக்குக் கிடைத்திருக்கின்றன. கண்டிப்பும் கவலையும் புள்ளிவிவரமும் நிறைந்தவை. மருமகன் அவருக்கு எழுதியவையோ 1917ஆம் ஆண்டுப் புரட்சிக் குழப்பத்திற் பண்ணைவீட்டோடு அழிந்துபோயின. ஆகவே ஒரு பக்கத்துப் பேச்சை மட்டுமே நாம் கேட்கிறோம்.

மார்சேயிலே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசெம்பரில் மொன்பிளாங் என்ற பாய்க்கப்பலில் மார்த்தினிக் தீவுக்குப் போனான். அடுத்த பயணத்திற் பயிலுநனாகச் சேர்ந்தான். வேலையிற் கெட்டிக்காரன், காசு விடயத்தில் தகப்பனின் மகன். ஒருமுறை குடும்பப் படங்களும் போலிஷ் நூல்களும் இருந்த பெட்டியைத் தொலைத்துவிட்டான். அம்மானின் கடிதத்தில் வேறெந்த இழப்பையும்விட அந்தப் பெட்டியைப் பற்றிய வரிகளே என்னைச் சுட்டன. பழைய பத்திரச் சிக்கலும் விடாது துரத்தி வந்தது. 1877 முடிவில், ருஷ்யத் தூதுவரின் சம்மதமின்றிப் பிரெஞ்சுக் கப்பலில் வேலைசெய்ய முடியாதென்று தெரியவந்தது. சம்மதம் கேட்டால் படைச்சேவைக் கேள்வி எழும். வேலை போயிற்று, கடன் ஏறியது, கடனைத் தீர்க்கக் கடன் வாங்கி மொன்டி கார்லோவிற் சூதாடி அதனையும் இழந்தான். 1878இன் தொடக்கத்தில், இருபது வயதில், தன்னுயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றான். தெய்வாதீனமாகப் பிழைத்தான். கியெவிலிருந்த அம்மானுக்குத் தந்தி போனது. அவர் ஐரோப்பாவைக் குறுக்கறுத்து ஓடிவந்தார், அருகிலிருந்து ஆற்றினார், கடன் முழுவதையும் அடைத்தார். ஊராருக்குத் துவந்த யுத்தத்திற் பட்ட காயம் என்று சொல்லிவைத்தார். கணக்கிலே பொய்யெழுதாத மனிதர் மருமகனுக்காகச் சொன்ன பொய் அது.

பிரான்சின் கதவு மூடவே இங்கிலாந்தின் கதவைத் தட்டினான். பத்திரம் கேட்காத கப்பல்கள் அங்கே இருந்தன. 1878 ஜூன் 10ஆம் திகதி லோஸ்டொப்ட் என்னும் சிறு துறைமுகத்தில் இறங்கினான். கரையோரம் நிலக்கரி ஏற்றும் ஒரு சிறிய கப்பலில் வேலைசெய்து, அங்குள்ள மாலுமிகளின் வாயிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் ஆங்கிலத்தைப் பொறுக்கியெடுத்தான். இரண்டாண்டிலே, 1880இல், இரண்டாந்தர அதிகாரிப் பரீட்சையில் அம்மொழியிலேயே தேறினான். அம்மானுக்கு மகிழ்ச்சி, ஆயினும் தாய்மொழியை விட்டுவிடுவானோ என்ற கலக்கமும் இருந்தது. 1881இல், கடலிற் கண்டவற்றை எழுதி வார்சோவில் வெளிவரும் பயண இதழொன்றுக்கு அனுப்புமாறு தூண்டினார். இவனுக்குள் எழுத்தாளன் ஒருவன் உளன் என்பதை முதலிற் கண்டவர் கணக்கெழுதிய இம்மனிதரே. அவர் கண்டது போலிஷ் எழுத்தாளனை என்பதுதான் வேறுபாடு.

தமிழ் மண்ணையும் அவர் மிதித்ததுண்டு. 1884 ஏப்ரிலில் றிவர்ஸ்டேல் என்னும் கப்பலில் இரண்டாம் அதிகாரியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். கப்பற்றலைவரோடு பிணக்கு நேர்ந்து அங்கேயே விலக்கப்பட்டார். விடுவிப்புப் பத்திரத்தில் திறமைக்கு மிக நன்று எனப் பதிவாயிற்று. நடத்தைக்குச் சான்று தரத் தலைவர் மறுத்துவிட்டார். நற்சான்று எழுதும்போதெல்லாம் இந்தச் செய்தி என் பேனாவைச் சற்றே நிறுத்துவதுண்டு. சென்னையிலிருந்து புகையிரதத்தில் பம்பாய்க்குப் போய் நார்சிசஸ் என்ற கப்பலிற் சேர்ந்தார். அக்கப்பலின் பெயரைத் தாங்கிய நாவல் 1897இல் வந்தது. பின்னர் 1887இலும் 1888இலும் சிங்கப்பூரிலிருந்து விடார் என்ற சிறு நீராவிக் கப்பலிற் போர்னியோத் தீவின் ஆறுகளுக்குப் போய்வந்தார். எங்கள் பாட்டன்மார் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத உத்தியோகத்தர்களாகவும் மலாயாவுக்குப் புறப்பட்ட தலைமுறைக்குச் சற்று முன்னைய காலம் அது.

1886ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19இல் பிரித்தானியப் பிரசையானார். நவம்பரிற் கப்பற்றலைவர் பரீட்சையில் தேறினார். ருஷ்யா அவரைத் தன் பிடியிலிருந்து முறைப்படி விட்டது 1889இலேதான். 1872இல் அம்மான் தேடத் தொடங்கிய பத்திரம் பதினேழு ஆண்டு கழித்து மருமகனின் கைக்கு வந்தது. அதுவரை அவர் உக்ரேனுக்குள் காலடி வைக்க முடியவில்லை. 1883இல் அம்மானே ஒஸ்திரியாவுக்குப் பயணஞ் செய்து அவரைச் சந்தித்துப் போனார். 1890 தொடக்கத்தில் அச்சமின்றி ஊர் திரும்பினார். மூட்டையில் ஒரு கையெழுத்துப் படி இருந்தது. ஆங்கிலத்தில் அவர் தொடங்கியிருந்த முதல் நாவல். பெர்லின் நிலையத்தில் அதனை அனேகமாகத் தொலைக்கப் பார்த்தார். பெட்டிகளோடு அவருக்கு என்றும் ராசியில்லை. அவ்வாண்டே, சிறுவயதில் விரல்வைத்த ஆபிரிக்க நடுநிலத்துக்கு, கொங்கோவுக்குப் போய், கண்ட கொடுமைகளால் உடலும் உள்ளமும் நைந்து மீண்டார்.

1894 பெப்ரவரியில் அம்மான் காலமானார். அல்மேயரின் மடமை என்ற அந்த முதல் நாவல் 1895இல் வெளிவந்தபோது அவருடைய பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் அர்ப்பணப் பக்கத்தில் நின்றன. நூலைக் கையிலெடுத்துப் பார்க்க அவர் இருக்கவில்லை. எடுத்திருந்தாலும் அது அவருக்கு அந்நியமான மொழியிலன்றோ இருந்தது!

புகழ் மெல்ல வந்தது. குற்றச்சாட்டும் உடன் வந்தது. 1899இல் எலிசா ஒர்செஸ்கோவா என்னும் போலந்தின் பேர்பெற்ற நாவலாசிரியை, திறமையுள்ளோர் நாட்டைவிட்டுப் போவதைக் கண்டித்து எழுதிய கட்டுரையில் இவரைப் பெயர்சொல்லித் தாக்கினார். பிறமொழியிற் பணத்துக்காக எழுதுகிறார் என்பது சாரம். அப்போது கொன்ராட் கடனில் மூழ்கியிருந்தார், பணம் வந்தபாடில்லை. அச்சொல் அவரை ஆறாத புண்ணாய் வருத்தியது. அந்த அம்மையாரின் கோபத்தை யான் முற்றாக மறுக்கமாட்டேன். அரசில்லாத ஒரு மொழிக்கு அதன் ஒவ்வோர் எழுத்தாளனும் ஒரு கோட்டை. ஒருவன் போனால் சுவரில் ஒரு கல் போனது போலத்தான். எனினும் 1872இல் எந்த அரசும் ஏற்காத பையனைத் தொலைவிலிருந்தோர் எவரும் வைத்துக் காக்கவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த லோர்ட் ஜிம் என்ற நாவலில், மூழ்குமென்று நம்பிய கப்பலிலிருந்து குதித்துவிட்டு வாழ்நாள் முழுவதும் அந்தக் குதிப்புக்கு விடைசொல்ல முயலும் ஒரு வாலிபனைப் படைத்தார். அதற்கும் இதற்கும் தொடர்புண்டென்று பலர் சொல்வர். பூர்க்காக் கணவாயையும் பிரெஞ்சு ஆசிரியையையும் அம்மானையும் பற்றிப் பின்னொரு காலத்தில் அவர் நினைவுக் குறிப்பாக எழுதியது அந்த விடையின் எஞ்சிய பாகம் என்பது என் துணிபு.

1914 ஜூலையில் மனைவியையும் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு கிராக்கோவுக்கு வந்தார். இரவிலே பழைய சதுக்கத்தைச் சுற்றி மூத்த மகனோடு நடந்தார். தகப்பனின் பேழைக்குப் பின்னே தாம் நடந்த தெருக்கள் அவை. சில நாளில் உலகப்போர் மூண்டு, பிரித்தானியப் பிரசையாகிய அவர் பிறந்த சமுதாயத்தின் நடுவே எதிரிநாட்டவராய் அகப்பட்டார். மலையூராகிய சக்கோப்பனேயில் ஒதுங்கியிருந்து, வியன்னா வழியாக ஒருவாறு தப்பி மீண்டார். 1918இற் போலந்து மீண்டும் உலகப் படத்தில் ஏறியதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

1924 ஓகஸ்ட் 3ஆம் திகதி இங்கிலாந்திலே கன்ரர்பரிக்கு அருகிற் காலமானார். அந்நகரத்திலேயே அடக்கம் செய்தனர். நடுகல்லில் ஆங்கில உருவிற் கொன்ராட் என்ற பெயரையும் அதனையடுத்துக் கொர்செனியோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரையும் கலந்து பொறித்தார்கள். இடையிலுள்ள தியோடர் என்ற பெயரில் எழுத்துப் பிழை விழுந்துவிட்டது. அது இன்றும் அப்படியே நிற்கிறது. ததேயுஷ் அம்மான் உயிரோடிருந்திருப்பாரேல், கல்வெட்டியவனுக்குக் கொடுத்த கூலியை ஏட்டிற் பதிந்துவிட்டு, அதற்கெதிரே அந்தப் பிழையையும் குறித்து வைத்திருப்பார்.